ஆக்ஸிமீட்டரில் நாம் பார்க்காமல் விட்ட இன்னொரு எண்!

"பாப்பா, இது உண்மையான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்."

போன வாரம் ராத்திரி 11 மணிக்கு அண்ணியிடமிருந்து வாட்ஸ்அப். கூடவே ஒரு ஃபார்வர்டு வீடியோ. ஜிம்மில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பையன் அப்படியே சுருண்டு விழுகிறான். கீழே சிவப்பு எழுத்தில், 'கொரோனா ஊசி போட்டவர்கள் ஜாக்கிரதை!' நான் பதில் டைப் பண்ணுவதற்குள் ஒரு வாய்ஸ் மெசேஜும் வந்தது.

"உங்க அண்ணனுக்கு ரெண்டு நாளா மறுபடியும் நெஞ்சு படபடன்னு அடிக்குதாம். சொல்லச் சொல்லக் கேக்காம நைட் ஷிஃப்ட் போயிட்டாரு. எனக்குத் தூக்கமே வரல."

அண்ணன் என்றால் என் பெரியம்மா மகன். ஒரகடம் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. 2021 மே மாதம் கொரோனா வந்து 11 நாள் ஆக்ஸிஜனில் கிடந்து மீண்டவர். 'மறுபடியும்' என்று அண்ணி சொன்னதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அந்தக் கதை எங்கள் வீட்டோடு முடிவதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம், சுங்குவார்சத்திரம், படப்பை வரைக்கும் கம்பெனி பஸ் நின்று போகிற பல தெருக்களில் இப்படி ஒரு அண்ணன் இருப்பார். அதனால் இந்த வாரம் அதைத்தான் பேசப் போகிறோம். தீவிர கொரோனா இதயத்தை என்ன செய்தது? இன்றைக்கும் அதற்காகப் பயப்பட வேண்டுமா?

அந்த மே மாதம்

தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளியே நம்ம காஞ்சிபுரத்துக்காரர்தான். ஓமனிலிருந்து திரும்பிய 45 வயதுக்காரர். 2020 மார்ச் 7-ம் தேதி உறுதியானது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, சில நாள்களிலேயே குணமாகி வீடு திரும்பினார். அப்போது கொரோனா எங்கோ தூரத்தில் நடக்கும் செய்தியாக இருந்தது.

அடுத்த வருடம் அப்படி இல்லை. 2021 மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. மே 24 முதல் தளர்வுகளற்ற முழு ஊரடங்கு. ஆனாலும் கார் தொழிற்சாலைகள் இயங்க அனுமதி இருந்தது. ஒரகடம் ரெனால்ட் - நிஸான் ஆலையின் தொழிலாளர் சங்கம், லைனில் இடைவெளி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. எல்லா விதிமுறைகளையும் பின்பற்றுகிறோம் என்றது நிர்வாகம். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் உட்கார்ந்து போராட, மே 25 முதல் 29 வரை உற்பத்தி நிறுத்தப்பட்டது. மறுநாள் ரெனால்ட் - நிஸானும் சில நாள்களுக்கு மூடியது.

இன்னொரு விஷயமும் நினைவிருக்கலாம். அந்த ஏப்ரல் மாதம், ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் திரவ ஆக்ஸிஜனை ஆந்திராவுக்கும் தெலங்கானாவுக்கும் மத்திய அரசு ஒதுக்கியதை எதிர்த்து, அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஊரெல்லாம் ஆக்ஸிஜன், ஆக்ஸிஜன் என்ற பேச்சுதான். டீக்கடையில்கூட 'சாச்சுரேஷன் எவ்ளோ?' என்று கேட்டுக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு ஆக்ஸிமீட்டர் வாங்கினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அண்ணனின் விரலில் மாட்டி, அண்ணி நோட்டில் எழுதுவார். 96, 95, 93... 91 வந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக அதை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு எண்தான் எழுதியிருக்கிறார் அண்ணி. ஆனால், ஆக்ஸிமீட்டர் இரண்டு எண்களைக் காட்டும். ஒன்று ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு. இன்னொன்று, இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்ற கணக்கு. அந்த இரண்டாவது எண்ணை எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவே இல்லை.

நுரையீரல் நோய்க்கு இதயம் ஏன் அடிபடுகிறது?

கொரோனா என்றாலே மூச்சு, சளி, சி.டி. ஸ்கேன் என்றுதான் பழகிவிட்டோம். ஆனால் தீவிர கொரோனாவில் இதயம் நான்கு பக்கமிருந்தும் அடி வாங்குகிறது.

முதல் அடி, ஆக்ஸிஜன் பற்றாக்குறை. ஒரு அசெம்பிளி லைனை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோர்ஸிலிருந்து மெட்டீரியல் பாதிதான் வருகிறது. ஆனால் சூப்பர்வைசர் வந்து, 'இன்னைக்கு டார்கெட் டபுள்' என்கிறார். லைன் என்ன ஆகும்? நுரையீரல் கெட்டுப்போனால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும். காய்ச்சலும் மூச்சுத்திணறலும் இதயத்தை இன்னும் வேகமாக ஓடச் சொல்லும். சாதாரண நாளிலேயே சுமார் 1 லட்சம் முறை துடிக்கிற தசை அது. சாப்பாட்டைக் குறைத்து வேலையைக் கூட்டினால் அந்தத் தசையே காயப்படும்.

இரண்டாவது அடி, அழற்சி. கிருமியை எதிர்க்க நம் உடம்பு சில ரசாயனங்களைச் சுரக்கும். காயம் பட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்குவது இதனால்தான். தீவிர கொரோனாவில் சிலருக்கு இந்தச் சுரப்பு கட்டுக்கடங்காமல் போனது. 'சைட்டோகைன் புயல்' என்று டாக்டர்கள் டிவியில் சொன்னது இதைத்தான். திருடனைப் பிடிக்க வந்த கூட்டம் வீட்டுச் சாமான்களையும் சேர்த்து உடைத்த மாதிரி, அந்தப் புயலில் இதயத் தசையும் ரத்தக்குழாயும் சிக்கிக்கொண்டன.

மூன்றாவது, ரத்தம் உறைவது. ரத்தக்குழாய்களின் உள்சுவர் அழற்சியால் புண்ணாகும்போது அங்கங்கே சின்னச் சின்ன உறைகட்டிகள் உருவாகும். அது இதயத்தின் ரத்தக்குழாயை அடைத்தால் மாரடைப்பு. நுரையீரலுக்குப் போகும் குழாயை அடைத்தால் இதயத்தின் வலது பக்கம் திணறும். ஆஸ்பத்திரியில் டி-டைமர் டெஸ்ட் எடுத்ததும், ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போட்டதும் இந்தப் பயத்தில்தான்.

நான்காவது, வைரஸே நேரடியாக இதயத்தைத் தாக்குவது. கொரோனா வைரஸ் நம் செல்களுக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவு ஏ.சி.இ-2 என்ற புரதம். அது நுரையீரலில் மட்டுமல்ல, இதயத்திலும் ரத்தக்குழாயிலும் இருக்கிறது. இப்படி இதயத் தசையிலேயே அழற்சி வருவதை மயோகார்டைட்டிஸ் என்பார்கள். ஆரம்பத்தில் எல்லோரும் இதைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தார்கள். ஆனால், கொரோனாவில் இறந்த 277 பேரின் இதயங்களைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உண்மையான மயோகார்டைட்டிஸ் 2 சதவிகிதத்துக்கும் குறைவு என்று தெரியவந்தது. பெரும்பாலானவர்களின் இதயம் காயப்பட்டது முதல் மூன்று வழிகளில்தான்.

ரத்தத்தில் கசியும் சாட்சி

இதயத்துக்குக் காயம் பட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? ட்ரோபோனின் என்று ஒரு புரதம். இதயத் தசை செல்லுக்குள் இருக்க வேண்டியது. செல் காயப்பட்டால் ரத்தத்தில் கசியும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாரடைப்பைக் கண்டுபிடிக்க எடுக்கும் அதே டெஸ்ட்தான்.

சீனாவின் வூஹானில், ரென்மின் மருத்துவமனையில் 2020 ஜனவரி, பிப்ரவரியில் சேர்க்கப்பட்ட 416 நோயாளிகளிடம் இதைப் பார்த்தார்கள். 82 பேருக்கு ட்ரோபோனின் கூடியிருந்தது. அதாவது, ஐந்தில் ஒருவருக்கு இதயம் காயப்பட்டிருந்தது. அந்த 82 பேரில் 42 பேர் இறந்துபோனார்கள். ட்ரோபோனின் கூடாத 334 பேரில் இறந்தவர்கள் 15 பேர். கொரோனா நுரையீரல் நோய் மட்டுமல்ல என்பதை உலகத்துக்குப் புரியவைத்த ஆரம்பகால ஆய்வுகளில் இது ஒன்று. காயம் பட்டவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், ஏற்கெனவே பி.பி., சுகர், இதயநோய் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அதே வருடம் ஜூனில் ஒரு நல்ல செய்தியும் வந்தது. பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற விலை மலிவான ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டரில் இருப்பவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஆக்ஸிஜனில் இருப்பவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைப்பதாகச் சொன்னது. அழற்சிப் புயலைத் தணித்தால் உயிர் பிழைக்கும் என்பதற்கு அது கண்ணெதிரே கிடைத்த சாட்சி. ஆக்ஸிஜன் தேவைப்படாத லேசான நோயாளிகளுக்கு அதனால் பலன் இல்லை என்பதையும் அதே ஆய்வுதான் சொன்னது.

'78 பேருக்கு பாதிப்பு' என்ற பீதி

2020 ஜூலையில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து ஓர் ஆய்வு. கொரோனாவிலிருந்து மீண்ட 100 பேருக்கு இதய எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 78 பேருக்கு ஏதோ ஒரு மாற்றம் தெரிந்தது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. பிறகு அந்த ஆய்வின் கணக்கில் சில பிழைகள் சுட்டிக்காட்டப்பட்டு, திருத்தி வெளியிட வேண்டிவந்தது.

அடுத்த வருடம் அமெரிக்காவில் கொரோனா வந்த 1,597 கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கு அதே ஸ்கேன் எடுத்தபோது, மயோகார்டைட்டிஸ் தெரிந்தது 37 பேருக்கு. நூற்றுக்கு இரண்டு சொச்சம். அவர்களில் 27 பேருக்கு மறுபடி எடுத்துப் பார்த்தபோது வீக்கம் எல்லோருக்கும் வடிந்திருந்தது. ஆனால் தசையில் விழுந்த தழும்பு 11 பேருக்குத்தான் மறைந்திருந்தது. ஆக, பெரும்பாலும் ஆறிவிடும். ஆறுவதற்கு நாளாகும். சிலருக்குத் தழும்பு மிஞ்சும்.

நீண்டகாலக் கணக்கும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினரில் கொரோனா வந்த 1,53,760 பேரை ஒரு வருடம் வரை கவனித்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். கொரோனா வராதவர்களைவிட இவர்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு 72 சதவிகிதம் அதிகம். எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். 1,000 பேரை எடுத்துக்கொண்டால் கூடுதலாக சுமார் 12 பேர். வீட்டிலேயே குணமானவர்களைவிட ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கும், அவர்களைவிட ஐ.சி.யூ-வில் இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடிக்கொண்டே போனது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் வயதான ஆண்கள் என்பதால், நம் ஊர் 25 வயதுப் பையனுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால், எவ்வளவு தீவிரமாக நோய் வந்ததோ அவ்வளவு கவனம் தேவை என்ற பாடம் எல்லோருக்கும் பொது.

அண்ணனுக்கு என்ன ஆனது?

ஜூன் முதல் வாரம் டிஸ்சார்ஜ். கான்ட்ராக்ட் வேலை. 15-வது நாளே கம்பெனியிலிருந்து போன். "வர்றீங்களா, வேற ஆளப் போட்டுக்கவா?" மூச்சு சரியாகிவிட்டது, சாச்சுரேஷன் 98. வேறென்ன வேண்டும்? அண்ணன் கிளம்பிவிட்டார்.

ஜூலை கடைசியில் ஒருநாள், லோடு ட்ராலி தள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் படபடப்பு, கண் இருட்டு. ஃபர்ஸ்ட் எய்டு ரூமில், "கேஸ் ட்ரபிளா இருக்கும்" என்று மாத்திரை கொடுத்து மறுபடி லைனுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனவர், பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதை அண்ணி பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் பம்பிங் 40 சதவிகிதம். 55-க்கு மேல் இருக்க வேண்டியது. "கொரோனா சமயத்துல இதயத் தசையில வீக்கம் வந்திருக்கு. அது ஆறறதுக்குள்ள நீங்க பாரம் தள்ளப் போயிட்டீங்க" என்றார் டாக்டர். மாத்திரைகள், உப்பைக் குறைத்த சாப்பாடு, கூடவே கண்டிப்பான ஓய்வு. மயோகார்டைட்டிஸ் வந்தவர்கள் 3 முதல் 6 மாதம் வரை கடும் உடற்பயிற்சி செய்யக் கூடாது என்பது இதயநோய் நிபுணர்களின் பரிந்துரை. விளையாட்டு வீரர்களுக்காகச் சொல்லப்பட்டதுதான். ஆனால் எட்டு மணி நேரம் ட்ராலி தள்ளுபவரின் இதயத்துக்கு அது மைதானமா, ஷாப் ஃப்ளோரா என்று தெரியாது.

2022 ஜனவரியில் எடுத்த எக்கோவில் பம்பிங் 56. வீட்டில் அன்றைக்குப் பாயசம். ஆனால் அதற்கு முன்பே, செப்டம்பரில், அண்ணனின் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாமல் போயிருந்தது. வேறு கம்பெனியில் வேலை கிடைக்க எட்டு மாதம் ஆனது.

சரி, ஊசிதான் காரணமா?

இனி அண்ணியின் ஃபார்வர்டுக்கு வருவோம். இளைஞர்களின் திடீர் மரணங்கள் பற்றி ஐ.சி.எம்.ஆர். ஓர் ஆய்வு நடத்தியது. நாடு முழுக்க 47 பெரிய மருத்துவமனைகள். 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை, நன்றாக இருந்து திடீரென்று இறந்துபோன 18 - 45 வயதுக்காரர்கள் 729 பேர். ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயதுள்ள, அதே பகுதியில் வாழும் 2,916 பேர். 2023 நவம்பரில் வந்த முடிவு இதுதான். தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது.

அப்படியானால் ஆபத்தைக் கூட்டியது எது? கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்திருப்பது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிக் குடித்தது, போதைப்பொருள், அதே 48 மணி நேரத்தில் உடம்பைக் கசக்கும் கடும் உழைப்பு அல்லது உடற்பயிற்சி. இதை வைத்துத்தான், அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் மன்சுக் மாண்டவியா, தீவிர கொரோனா வந்தவர்கள் ஓரிரு வருடங்களுக்குக் கடும் உழைப்பைத் தவிர்க்கச் சொன்னார்.

தடுப்பூசிக்குப் பக்கவிளைவே இல்லை என்று சொல்ல முடியாது. ஃபைஸர், மாடர்னா போன்ற எம்.ஆர்.என்.ஏ. ஊசிகளால் அரிதாக, குறிப்பாக இளம் ஆண்களுக்கு, மயோகார்டைட்டிஸ் வந்தது உண்மை. நம் ஊரில் நாம் பெரும்பாலும் போட்டுக்கொண்டது கோவிஷீல்டும் கோவாக்சினும். கோவிஷீல்டால் மிக அரிதாக ரத்த உறைவு வரலாம் என்பதும் பதிவாகியிருக்கிறது. அது ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. வருடங்கள் கழித்து ஜிம்மில் விழுவதற்கு அதைக் காரணம் சொல்ல ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் 2021 ஜனவரி வரையிலான மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்தபோது, கொரோனா வந்தவர்களுக்கு மயோகார்டைட்டிஸ் வரும் வாய்ப்பு, வராதவர்களைவிடக் கிட்டத்தட்ட 16 மடங்கு அதிகம் என்று தெரிந்தது.

அதற்காக, எல்லாப் பழியையும் கொரோனா மேல் போட்டுவிடவும் கூடாது. 2025-ல் கர்நாடகாவின் ஹாசன் மாவட்டத்தில் அடுத்தடுத்து மாரடைப்பு மரணங்கள் நடக்க, அம்மாநில அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. பெங்களூரு ஜெயதேவா மருத்துவமனையில் இளம் வயதில் இதயநோயோடு வந்த 251 பேரிடம் ஆய்வு செய்த அந்தக் குழு, பழைய கொரோனாவுக்கும் தடுப்பூசிக்கும் இதில் தொடர்பு தெரியவில்லை என்றது. பி.பி., சுகர், கொழுப்பு, புகை போன்ற பழைய எதிரிகளைத்தான் கைகாட்டியது.

யார், என்ன கவனிக்க வேண்டும்?

வீட்டிலேயே மூன்று நாள் காய்ச்சலோடு கொரோனா போய்விட்டது, இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் நீங்கள் ஸ்கேன் சென்டருக்கு ஓட வேண்டியதில்லை. ஆக்ஸிஜனிலோ ஐ.சி.யூ-விலோ இருந்தவர்கள், இதுவரை இதயத்தைப் பார்க்கவில்லை என்றால் ஒரு தடவை டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். ஈ.சி.ஜி., எக்கோ தேவையா என்று அவர் முடிவு செய்வார். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் ட்ரோபோனின், டி-டைமர் எண்கள் இருந்தால் அவை இன்றைக்கும் உதவும்.

இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்:

* முன்பு சாதாரணமாக ஏறிய படிக்கட்டில் இப்போது மூச்சு வாங்குவது

* உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 100-க்கு மேல் போவது, அல்லது துடிப்பு விட்டுவிட்டு வருவது. எழுந்து நின்ற 10 நிமிடத்துக்குள் துடிப்பு 30-க்கு மேல் எகிறினாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்

* கால் வீக்கம், படுத்தால் மூச்சுத்திணறல்

* வேலை செய்யும்போது தலைசுற்றல், மயக்கம்

நெஞ்சை அழுத்தும் வலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் 'கேஸ்' என்று நினைத்து சோடா குடிக்காதீர்கள். உடனே 108. பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் அங்கே போகலாம். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் தர வேண்டிய முதல் மாத்திரைகள் அங்கேயே இருக்கின்றன.

'கடும் உழைப்பு வேண்டாம்' என்பதை 'நடக்கவே வேண்டாம்' என்று புரிந்துகொள்ளாதீர்கள். நடப்பது நல்லது. இன்றைக்குப் பத்து நிமிடம், அடுத்த வாரம் பதினைந்து என்று ஏற்றிக்கொண்டு போகலாம். ரீல்ஸ் பார்த்துவிட்டு முதல் நாளே ட்ரெட்மில்லில் ஓடுவதுதான் வேண்டாம். இனி எந்தக் காய்ச்சலாக இருந்தாலும், காய்ச்சல் இருக்கும்போது ஜிம்முக்கும் ஓ.டி-க்கும் 'நோ' சொல்லுங்கள்.

ஓய்வுக்கு யார் சம்பளம் தருவார்கள்?

ஒரகடத்தில் நின்றுகொண்டு 'ஓய்வெடுங்கள்' என்று எழுதுவது சுலபம். லாஸ் ஆஃப் பே போட்டால் வாடகைக்கு யார் தருவார்கள்? அண்ணன் விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஆதங்கம் இதில்தான். அவருக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தது. ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் 0.75 சதவிகிதம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது மருந்து வாங்க மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும், ஈ.எஸ்.ஐ. பொருந்தும் நிறுவனத்தில் வேலை செய்பவர்களுக்கு, கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் உட்பட, அது உண்டு. உடம்பு சரியில்லை என்று ஈ.எஸ்.ஐ. டாக்டர் சான்றிதழ் கொடுத்தால், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவிகிதம் கிடைக்கும். அதற்கு முந்தைய ஆறு மாத சந்தா காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். இதயச் செயலிழப்பு, இதயத் தசை நோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்தவர்கள் 80 சதவிகிதச் சம்பளத்தோடு இரண்டு வருடம் வரை நீட்டிப்பு கேட்கலாம். அண்ணன் படுத்திருந்தபோது நடைமுறையில் இருந்த ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-வது பிரிவு, நோய்க்காலப் பணப்பலன் வாங்கிக்கொண்டிருப்பவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றது. அண்ணன் தனியார் கிளினிக்கில் காட்டி, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டில் இருந்துவிட்டார். சான்றிதழ் இல்லை. அதனால் பணமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

உங்கள் வீட்டில் கம்பெனிக்குப் போகிறவர் இருந்தால், இன்றைக்கே அவருடைய ஈ.எஸ்.ஐ. நம்பரையும், எந்த மருந்தகத்தில் பதிவாகியிருக்கிறது என்பதையும் கேட்டு, உங்கள் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். 2024-ல் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கம்பெனிக்கே வந்து பி.பி., சுகர் பார்க்கிறார்கள். உங்கள் கம்பெனிக்கு வந்தால், 'எனக்கெல்லாம் ஒண்ணும் இல்ல' என்று நழுவாமல் கையை நீட்டுங்கள்.

அண்ணிக்கு அனுப்பிய பதில்

அன்று ராத்திரி அண்ணிக்கு, 'வீடியோ சொல்றது பொய். ஆனா அண்ணனோட படபடப்பு உண்மை. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க' என்று அனுப்பினேன். மறுநாள் அவரை ஷிஃப்ட் முடிந்து வந்த கோலத்திலேயே அண்ணி அழைத்துப் போனார்.

ஈ.சி.ஜி. நார்மல். எக்கோவில் பம்பிங் 58. டாக்டர் கடைசியாக பி.பி. பார்த்திருக்கிறார். 160/100. ஒரு ராத்திரிக்கு எத்தனை டீ, எத்தனை சிகரெட் என்று கேட்டதற்கு அண்ணன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாராம். இதயம் கொரோனாவிலிருந்து எப்போதோ மீண்டுவிட்டது. இப்போது வந்திருப்பது வேறு. அதற்கும் மாத்திரை ஆரம்பித்தாயிற்று.

நேற்று ராத்திரி அண்ணியிடமிருந்து ஒரு போட்டோ. அதே பழைய நோட்டு. புதுப் பக்கத்தில் தேதி போட்டு, மூன்று கட்டம் கிழித்திருக்கிறார். சாச்சுரேஷன், பி.பி., அதற்கு அடுத்து 'துடிப்பு - 78'.